கினிப்பன்றிகளுக்கான வெளிப்புற உறைவிடம்

கினிப்பன்றிகளுக்கான வெளிப்புற உறைவிடம் என்பது செல்லப்பிராணிகளாக வளர்க்கப்படும் கினிப்பன்றிகளை வீட்டுக்கு வெளியே, பெரும்பாலும் வீட்டுத் தோட்டத்தில், வைத்து வளர்ப்பதற்கான அமைப்பு ஆகும். இது இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதலாவது, விலங்குகள் உறங்கவும் மழை, வெயில், குளிர் ஆகியவற்றிலிருந்து ஒதுங்கவும் பயன்படும் மூடிய கூடு. இரண்டாவது, அவை ஓடியாடவும் புல் மேயவும் பயன்படும் வலையடைப்பு. இக்கட்டுரையில் முதலாவது "உறைகூடு" எனவும் இரண்டாவது "உலவிடம்" எனவும் குறிக்கப்படுகின்றன. ஆங்கிலத்தில் இவை முறையே "ஹட்ச்", "ரன்" எனப்படும்.

வெளிப்புற வளர்ப்பு பிரித்தானியா, செருமனி, நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து போன்ற மிதவெப்ப நாடுகளில் பரவலாகக் காணப்படுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் பெரும்பாலும் வீட்டினுள்ளேயே இவை வளர்க்கப்படுகின்றன. வெளிப்புற வளர்ப்பு விலங்குகளுக்குப் புதிய புல், இயற்கை ஒளி, விரிந்த இடம் ஆகியவற்றைத் தருகிறது. அதேவேளை வெப்பம், ஈரம், கொன்றுண்ணிகள் ஆகிய மூன்று இடர்களையும் கொண்டுவருகிறது. கினிப்பன்றி தன் நோயையும் வலியையும் வெளிக்காட்டாத விலங்கு ஆகையால், இவ்விடர்கள் நேர்ந்த பின்னர் சரிசெய்வது கடினம். அவற்றைக் கூடு தேர்ந்தெடுக்கும்போதே கருத்திற் கொள்ள வேண்டியுள்ளது.

விலங்கின் இயல்பு

கினிப்பன்றி அல்லது சீமைப் பெருச்சாளி, தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட ஒரு கொறிணி ஆகும். இதன் அறிவியற் பெயர் கேவியா போர்செல்லசு. பெயரில் பன்றி என்று இருப்பினும் பன்றியுடன் இதற்கு உறவில்லை. வளர்ந்த விலங்கு ஏறத்தாழ 20 முதல் 25 செ.மீ. நீளமும் 700 முதல் 1,200 கிராம் எடையும் கொண்டிருக்கும். வாழ்நாள் பொதுவாக 5 முதல் 8 ஆண்டுகள். முன்கால்களில் நான்கு விரல்களும் பின்கால்களில் மூன்று விரல்களும் உள்ளன. உள்ளங்கால்களில் மயிர் இல்லை. 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் நார்மிக்க உணவை இடைவிடாது மென்று அவற்றைத் தேய்க்க வேண்டியுள்ளது.

வீட்டுக் கினிப்பன்றி இன்று காட்டில் காணப்படுவதில்லை. ஆனால் அதன் நெருங்கிய உறவினங்கள் ஆண்டீசு மலைப்பகுதியிலும் தென் அமெரிக்கப் புல்வெளிகளிலும் வாழ்கின்றன. அவை சிறு கூட்டமாக வாழ்பவை. உயர்ந்த புற்களுக்கு இடையே தடம் அமைத்து, அத்தடங்கள் வழியே ஓடுகின்றன. தாமாக வளை தோண்டுவது அரிது. பாறை இடுக்குகளிலும் பிற விலங்குகள் விட்டுச்சென்ற வளைகளிலும் ஒளிகின்றன. வைகறையிலும் அந்தியிலும் மிகுந்த சுறுசுறுப்புடன் இருக்கின்றன.

இவ்வியல்புகள் வீட்டு விலங்கிலும் தொடர்கின்றன. உறைவிடத்தின் தேவைகள் யாவும் இவற்றிலிருந்தே பெறப்படுகின்றன. கினிப்பன்றி ஏறும் விலங்கு அன்று, ஓடும் விலங்கு. எனவே உயரத்தைவிடத் தரைப்பரப்பே அதற்குப் பயன்படும். அது இரையாகும் விலங்கு. எனவே திறந்த வெளியில் மறைவிடம் இன்றி அமைதியாக மேயாது. அது கூட்டமாக வாழ்வது. எனவே தனியே வைப்பது பொருந்தாது. அது வைகறையில் விழித்திருப்பது. எனவே வளர்ப்பவர் உறங்கும் நேரத்திலும் அதற்கு இடம் தேவை.

வரலாறு

கினிப்பன்றிகள் ஏறத்தாழ கி.மு. 5000 அளவில் ஆண்டீசு மலைப்பகுதியில், இன்றைய பெரு, பொலிவியா ஆகிய நாடுகள் அமைந்துள்ள நிலப்பரப்பில், உணவுக்காகப் பழக்கப்படுத்தப்பட்டன. இன்றும் அப்பகுதிகளில் "கூய்" என்னும் பெயரில் இவை இறைச்சிக்காக வளர்க்கப்படுகின்றன. மரபுவழி வளர்ப்பில் இவற்றுக்குத் தனிக்கூடு இருப்பதில்லை. வீட்டின் சமையலறைத் தரையில் கூட்டமாகத் திரிந்து, அங்கு இடப்படும் பசுந்தழைகளை உண்டு வாழ்கின்றன.

16ஆம் நூற்றாண்டில் இவை ஐரோப்பாவை அடைந்தன. சுவிசு இயற்கையியலாளர் கொன்ராட் கெசுனர் 1554ஆம் ஆண்டில் இவ்விலங்கை விவரித்துள்ளார். 1758இல் லின்னேயசு இதற்கு அறிவியற் பெயர் இட்டார். ஐரோப்பாவில் இது உணவு விலங்காக அன்றிச் செல்லப்பிராணியாகவே பரவியது. அங்கு ஏற்கெனவே முயல் வளர்ப்பிற்குப் பயன்பட்டு வந்த, கால்களின்மேல் நிற்கும் மரக்கூடு இவ்விலங்குக்கும் பயன்பாட்டுக்கு வந்தது. தரையில் கூட்டமாகத் திரிந்த விலங்கு இவ்வாறு தரையிலிருந்து உயர்த்தப்பட்ட சிறு பெட்டிக்குள் வந்தது. தற்கால விலங்கு நல அமைப்புகள் கூட்டுடன் உலவிடமும் தேவை என வலியுறுத்துவது இக்குறையை நீக்கும் பொருட்டே ஆகும்.

உறைகூடு

அளவு

பிரித்தானியாவில் இரண்டு கினிப்பன்றிகளுக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் கொண்ட கூடு குறைந்த அளவாகப் பரவலாகக் கூறப்படுகிறது. இதன் தரைப்பரப்பு 0.72 சதுர மீட்டர் ஆகும். அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் 7.5 சதுர அடி என்பதும் ஏறக்குறைய இதே அளவு (0.7 சதுர மீட்டர்). கடைகளில் விற்கப்படும் 90 செ.மீ. × 45 செ.மீ. கூட்டின் பரப்பு 0.4 சதுர மீட்டர் மட்டுமே. இது மேற்கூறிய குறைந்த அளவில் ஏறத்தாழப் பாதி ஆகும்.

இரண்டு அடுக்குக் கூடுகளை மதிப்பிடும்போது கவனம் தேவை. விற்பனையாளர் குறிப்பிடும் பரப்பு இரு தளங்களையும் கூட்டியதாக இருக்கலாம். ஆயின் ஒரு தளத்தில் நேராக ஓடக்கூடிய தொலைவு கூடுவதில்லை. மேலும் தளங்களை இணைக்கும் ஏணிப்பலகை பெரும்பாலும் செங்குத்தாக அமைந்திருக்கும். குட்டையான கால்களும் கனத்த உடலும் கொண்ட கினிப்பன்றி அதில் ஏறத் தயங்கும். வயது முதிர்ந்தவை ஏறாமலே விட்டுவிடும். விழுந்தால் கால் அல்லது பல் முறியலாம். ஏணிப்பலகை தவிர்க்க இயலாததாயின் அதன் சரிவு குறைவாகவும், மேற்பரப்பு வழுக்காததாகவும், இருபக்கமும் தடுப்புடையதாகவும் இருத்தல் வேண்டும்.

கட்டுமானம்

உறைகூடு பொதுவாக மரத்தால் செய்யப்படுகிறது. பலகையின் தடிமன் கூடக்கூட வெப்பமும் குளிரும் உட்புகுவது குறையும். நன்கு அமைந்த உறைகூட்டில் பின்வரும் கூறுகள் காணப்படும்.

- தரையிலிருந்து உயர்த்தப்பட்ட அடித்தளம். கால்களின்மேலோ செங்கற்களின்மேலோ நிற்கும் கூட்டின் அடியில் காற்று செல்வதால் பலகை ஈரத்தில் உளுத்துப்போவதில்லை. எலிகளும் அடியில் மறைந்திருந்து கடிக்க இயலாது.
- பின்புறம் சரிந்த கூரை. கூரைமீது தார்த்தாள் ஒட்டப்பட்டு, மழைநீர் கதவுப் பக்கம் வடியாதபடி முன்விளிம்பு வெளியே நீண்டிருக்க வேண்டும்.
- இரு அறைகள். ஒன்று முன்புறம் வலையிட்ட பகல் அறை. மற்றது முழுதும் பலகையால் மூடிய உறங்கும் அறை.
- திண்மையான தளம். கம்பி வலையால் ஆன தளம் மயிரற்ற உள்ளங்காலைப் புண்படுத்தும்.
- காற்றோட்டம். மூடிய கூட்டில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா மூச்சுக்குழாயை அரிக்கும். காற்றுப் போக்கி படுக்கை மட்டத்தில் இல்லாது மேற்பகுதியில் அமைய வேண்டும். இவ்வாறு அமைந்தால் விலங்கின்மீது குளிர்காற்று நேரே வீசாது.
- முழுமையாகத் திறக்கும் கதவுகள். மூலைவரை கை எட்டாத கூடு சரியாகத் துப்புரவு செய்யப்படுவதில்லை.

கினிப்பன்றிகள் மரத்தைக் கொறிப்பவை. எனவே உட்புறத்தில் வண்ணப்பூச்சும், கிரியோசோட்டு போன்ற மரக்காப்பு எண்ணெய்களும் பூசப்படலாகாது. பழைய மரத்தைக் கொண்டு கூடு செய்வோர் அதன் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஆர்செனிக்கு கலந்த காப்புக் கரைசல் ஏற்றிய மரம் 2004ஆம் ஆண்டளவில் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அமெரிக்காவிலும் வீட்டுப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டது. அதற்கு முற்பட்ட வேலிப் பலகைகளில் இது இன்றும் இருக்கக்கூடும்.

படுக்கை

அடியில் செய்தித்தாள், அதன்மேல் தூசி நீக்கிய மரச்சீவல், அதன்மேல் கணிசமான அளவு உலர்புல் என மூன்று அடுக்குகளாகப் படுக்கை அமைப்பது வழக்கம். உலர்புல் படுக்கை மட்டுமன்றி உணவும் ஆகும். வைக்கோல் குளிர்காலத்தில் வெப்பம் காக்கும் என்றாலும் உணவுச் சத்துக் குறைந்தது. அதன் கூரிய முனைகள் கண்ணைக் குத்தக்கூடும். மணமுள்ள செடார் மரச்சீவல் மூச்சுறுப்புகளை உறுத்துவதால் தவிர்க்கப்படுகிறது. நனைந்த பகுதிகளை நாள்தோறும் அகற்றுவதும் வாரம் ஒருமுறையேனும் முழுப் படுக்கையையும் மாற்றுவதும் தேவை.

உலவிடம்

உலவிடம் என்பது மரச்சட்டத்தில் கம்பி வலை அடித்து அமைக்கப்படும் அடைப்பு ஆகும். இரண்டு விலங்குகளுக்கு 2 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு விரும்பத்தக்கது. பரப்பு ஒன்றாக இருப்பினும் சதுர வடிவத்தைவிட நீண்ட வடிவம் ஓடுவதற்கு ஏற்றது. உலவிடங்கள் இருவகைப்படும்.

1. நகர்த்தும் உலவிடம்: புல்தரைமீது வைத்து, ஓரிரு நாட்களுக்கு ஒருமுறை இடம் மாற்றப்படுவது. புல் மீண்டும் வளர இடங்கிடைக்கிறது. எச்சம் ஓரிடத்தில் சேர்வதில்லை. ஆனால் அடிப்புறம் திறந்திருப்பதால் ஆள் கண்காணிப்பில் பகலில் மட்டுமே பயன்படுத்தத் தக்கது.
2. நிலையான உலவிடம்: உறைகூட்டுடன் அல்லது தோட்டக் கொட்டகையுடன் நிரந்தரமாக இணைக்கப்பட்டது. அடியில் வலை பதித்தோ கற்பலகை பாவியோ காப்புச் செய்யப்படுகிறது. விலங்குகள் தாம் விரும்பும் நேரத்தில் உள்ளேயும் வெளியேயும் செல்லலாம்.

இவற்றுள் இரண்டாவது வகை விலங்கின் இயல்புக்கு நெருக்கமானது. முதல் வகையில் கினிப்பன்றியை நாள்தோறும் பிடித்துத் தூக்கி உலவிடத்தில் விட வேண்டும். இரையாகும் விலங்குக்கு மேலிருந்து பிடிக்கப்படுவது பருந்தின் தாக்குதலை ஒத்த அச்சத்தைத் தருகிறது. மேலும் வளர்ப்பவருக்கு நேரமில்லாத நாட்களிலும் மழை நாட்களிலும் விலங்கு கூட்டிலேயே அடைந்து கிடக்கும். இணைந்த அமைப்பில் ஒரு நாளின் உலவும் நேரம் வளர்ப்பவரின் ஓய்வு நேரத்தைச் சார்ந்திருப்பதில்லை. உறைகூடும் உலவிடமும் தனித்தனியே ஏற்கெனவே வாங்கப்பட்டிருப்பின், அகன்ற நெகிழிக் குழாய் ஒன்றைக் கொண்டு அவற்றை இணைக்கலாம். அந்தியில் விலங்குகளை உறைகூட்டில் அடைக்கும் வழக்கமுள்ளோர் குழாயின் வாயில் ஒரு தடுப்புப் பலகை பொருத்துகின்றனர்.

பழைய தோட்டக் கொட்டகையின் தரையை உறைவிடமாக்கி, சுவரில் சிறு வாயில் வெட்டி வெளியே உலவிடம் அமைப்பதும் உண்டு. இதில் வளர்ப்பவர் நின்றபடியே துப்புரவு செய்யலாம். கொட்டகைக்குச் சாளரமும் காற்றோட்டமும் தேவை. கண்ணாடி வீடுகள் வெயிலில் விரைந்து சூடாவதால் இதற்குப் பயன்படா.

மறைவிடங்கள்

வெறும் புல்தரையாக உள்ள உலவிடத்தில் விடப்பட்ட கினிப்பன்றிகள் ஒரு மூலையில் ஒடுங்கி அசையாது நிற்பதைக் காணலாம். இது அமைதியின் அடையாளம் அன்று; அச்சத்தின் அடையாளம் ஆகும். அட்டைப்பெட்டி, மரப்பெட்டி, குழாய், கவிழ்த்த மண்தொட்டி போன்ற மறைவிடங்களை ஓடும் தொலைவுக்குள் பரப்பி வைத்தால் அவை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஓடி, இடையிடையே மேயத் தொடங்கும். விலங்குகளின் எண்ணிக்கையைவிட ஒரு மறைவிடம் கூடுதலாக இருத்தல் நன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில்கள் இருக்க வேண்டும். ஒரே வாயில் உள்ள பெட்டியில் வலிய விலங்கு மெலியதை மறித்துக்கொள்ளும். மகிழ்ச்சியுற்ற இளம் விலங்குகள் நின்ற இடத்திலிருந்து திடீரெனத் துள்ளுவதுண்டு. உலவிடம் பொருந்தியுள்ளது என்பதற்கு இது நல்ல அறிகுறி.

கொன்றுண்ணிகளிடமிருந்து காப்பு

பிரித்தானியாவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் தோட்டத்து விலங்குகளுக்கு முதன்மையான இடர் செந்நரி ஆகும். இது நகர்ப்புறங்களிலும் மிகுதியாக வாழ்கிறது. பூனை, நாய், எலி, பருந்து வகைகள், கீரியை ஒத்த வீசல், ஸ்டோட் ஆகிய சிறு ஊனுண்ணிகள் ஆகியனவும் தாக்கக்கூடும்.

கினிப்பன்றி உயரத் தாவுவதில்லை. அதைத் தடுக்க 40 செ.மீ. உயரமுள்ள சுவர் போதும். உலவிடத்தின் மூடி, உள்ளிருப்பது வெளியேறாமலிருக்க அன்று, வெளியிலிருப்பது உட்புகாமலிருக்கவே தேவைப்படுகிறது. எனவே அமைப்பின் வலிமையைக் கினிப்பன்றியின் ஆற்றலைக் கொண்டு அளக்காது நரியின் ஆற்றலைக் கொண்டு அளக்க வேண்டும்.

- வலை: அறுகோணக் கண்களுடைய கோழிவலை மெல்லிய கம்பியால் முறுக்கப்பட்டது. கோழியை உள்ளே வைக்க அது போதுமாயினும் நரி அதைக் கடித்துக் கிழித்துவிடும். சதுரக் கண்களுடைய பற்றவைத்த கம்பி வலையே உகந்தது. கண்ணின் அளவு 13 மிமீ ஆயின் எலியும் வீசலும் நுழைய இயலாது.
- பொருத்துதல்: சிறு ஆணிகளால் மட்டும் அடிக்கப்பட்ட வலை தள்ளப்படும்போது கழன்றுவிடும். சட்டத்தின் உட்புறமாக வலையை வைத்து, அதன்மேல் மரச்சிம்பு வைத்துத் திருகாணி இறுக்குவது வலிமையானது.
- தாழ்ப்பாள்: சுழலும் மரக்கட்டை, கொக்கி ஆகியவற்றை நரியின் மூக்கோ பாதமோ திறந்துவிடக்கூடும். மேலும் கீழுமாக இரண்டு இரும்புத் தாழ்ப்பாள்கள் இட்டுப் பூட்டுவது வழக்கம்.
- தரை: நரி தோண்டி நுழையும். உலவிடத்தின் அடியில் முழுதும் வலை பதிக்கலாம். அல்லது சுற்றிலும் 30 முதல் 50 செ.மீ. அகலத்திற்கு வலையை வெளிநோக்கிப் படுக்கவைத்துத் தரையுடன் முளையடிக்கலாம். தோண்டும் விலங்கு சுவரின் அடியில் தொடங்குவதால் இவ்வலை அதைத் தடுக்கிறது.

உடலில் காயம் ஏதும் ஏற்படாவிடினும், வலைக்கு வெளியே சுற்றும் நரியோ நாயோ தரும் அதிர்ச்சியினாலேயே கினிப்பன்றி இறக்கக்கூடும். இதனால் உறங்கும் அறை வெளியிலிருந்து பார்க்க இயலாததாக இருத்தல் இன்றியமையாதது.

வெப்பநிலை

கினிப்பன்றிக்கு ஏற்ற வெப்பநிலை 17 முதல் 20 பாகை செல்சியசு (°செ) ஆகும். வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்க இயலாத இவ்விலங்கின் வட்டமான உடலும் அடர்ந்த மயிரும் வெப்பத்தை வெளிவிடுவதைக் கடினமாக்குகின்றன. 26 °செ-க்கு மேல் வெப்ப அயர்ச்சி ஏற்படும் வாய்ப்பு உண்டு. வெயிலில் நிற்கும் மூடிய மரக்கூட்டின் உள்வெப்பநிலை வெளிவெப்பநிலையைவிட மிகக் கூடுதலாகும் என்பதால், இதமான நாளிலும் கூடு இடருக்குரிய இடமாக மாறலாம்.

வெப்ப அயர்ச்சியுற்ற விலங்கு நீட்டிப் படுத்தும், விரைந்து மூச்சுவிட்டும், எச்சில் ஒழுகியும், தள்ளாடியும் காணப்படும். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, பனிக்கட்டி நீர் அன்றிச் சாதாரணக் குளிர்நீரில் நனைத்த துணியால் காதுகளையும் பாதங்களையும் ஒற்றி, தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடம் எடுத்துச்செல்ல வேண்டும்.

கூட்டை வைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கையில் ஒரே வேளையில் மட்டும் பார்த்தல் போதாது. காலையில் நிழலாக உள்ள இடம் பிற்பகலில் வெயிலாக மாறும். வடகோளத்து நாடுகளில் கோடைப் பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து விழுவதால் மேற்குப்புறம் மரமோ சுவரோ உள்ள இடம் நல்லது. கூட்டின் முன்புறம் மழைக்காற்று வீசும் திசையை நோக்காது அமைய வேண்டும். உட்புறத்தில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிடுவது ஊகத்தைத் தவிர்க்கும்.

குளிர்காலத்தில் பிரித்தானிய வளர்ப்பாளர்கள் வெப்பநிலை 15 °செ-க்குக் கீழே செல்லும்போது கூட்டை வீட்டினுள்ளோ கொட்டகையினுள்ளோ கொண்டுசெல்கின்றனர். ஊர்தி நிறுத்தப்படும் அறை, புகையின் காரணமாக, ஏற்றதன்று. செருமனியில் ஆண்டு முழுவதும் வெளியே வளர்ப்போரும் உள்ளனர். ஆயின் அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. விலங்குகள் கோடையின் தொடக்கத்திலேயே வெளியே விடப்பட்டுக் குளிர்கால மயிர் வளர்த்திருக்க வேண்டும். ஒன்றையொன்று அணைத்து வெப்பம் காக்கக்கூடிய கூட்டமாக இருக்க வேண்டும். உறங்கும் அறை வெப்பக்காப்புப் பலகை பொருத்தப்பட்டு உறைபனி புகாததாக இருக்க வேண்டும். நோயுற்றவை, முதியவை, குட்டிகள் இதற்கு உரியன அல்ல. வீட்டினுள் வெப்பமான அறையில் இருந்த விலங்கைக் குளிர்காலத்தின் நடுவே வெளியே விடுதல் ஆபத்தானது.

வறண்ட குளிரைவிட ஈரமான குளிர் கூடுதல் தீங்கு விளைவிக்கும். நனைந்த படுக்கையும் காற்று வீச்சும் சேர்ந்தால் நுரையீரல் அழற்சி தோன்றலாம்.

உணவும் நீரும்

கினிப்பன்றி, மாந்தரைப் போலவே, உயிர்ச்சத்து சி-யைத் தன் உடலில் உண்டாக்க இயலாத விலங்கு ஆகும். 1907இல் நோர்வேயைச் சேர்ந்த அக்செல் ஓல்சுட்டு, தியோடர் ஃப்ரோலிச்சு ஆகியோர் தானியம் மட்டும் உண்ட கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் தோன்றுவதைக் கண்டறிந்தனர். நாள்தோறும் உணவிலிருந்து 10 முதல் 30 மில்லிகிராம் வரை இது கிடைக்க வேண்டும். புதிய புல்லில் இச்சத்து உள்ளதால் உலவிடம் உடற்பயிற்சிக்கு மட்டுமன்றி உணவுக்கும் உரிய இடமாகிறது.

குளிர்காலம் முழுவதும் உலர்புல் தின்ற விலங்கை வசந்தத்தில் திடீரென நாள் முழுதும் பசும்புல்லில் விட்டால் வயிறு உப்பி இறக்க நேரிடலாம். முதல் நாள் சில நிமிடங்கள் எனத் தொடங்கி ஒன்றிரண்டு வாரங்களில் நேரத்தைக் கூட்டுதல் முறை. பொறியால் வெட்டிக் குவித்த புல் விரைந்து புளிப்பதால் அதைக் கொடுக்கலாகாது. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி தெளித்த புல்தரையும் தவிர்க்கப்பட வேண்டும்.

உலவிடத்தில் இருக்கக்கூடாத தாவரங்களில் சில: பட்டர்கப், ஃபாக்ஸ்குளோவ், ராக்வொர்ட், டாஃபடில், லில்லி வகைகள், யூ, ரோடோடென்ட்ரான், அரளி, உருளைக்கிழங்கு இலை, ருபார்ப் இலை.

நீர் புட்டிகள் உறைகூட்டிலும் உலவிடத்திலும் தனித்தனியே வேண்டும். கோடையில் புட்டியின் நீர் சூடாகும். குளிரில் அதன் உலோகக் குழல் முதலில் உறையும். இரண்டும் புட்டியில் நீர் நிறைந்திருப்பது போலவே தோன்றச் செய்வதால், குழலின் குண்டைத் தொட்டுப் பார்த்தே உறுதிசெய்ய வேண்டும்.

துணை

கினிப்பன்றிகள் இரண்டோ அதற்கு மேற்பட்டோ வளர்க்கப்பட வேண்டியவை. இரண்டு பெண் விலங்குகள், அல்லது விதைநீக்கம் செய்யப்பட்ட ஓர் ஆணும் ஒன்று அல்லது பல பெண்களும் சேர்ந்து வாழ்தல் பொதுவானது. ஆண் குட்டிகள் மூன்று வார வயதிலேயே தாயிடமிருந்து பிரிக்கப்பட வேண்டும். இல்லையேல் மிக இளவயதிலேயே இனப்பெருக்கம் நிகழும்.

முன்னர் முயலையும் கினிப்பன்றியையும் ஒரே கூட்டில் வளர்க்கும் வழக்கம் இருந்தது. இது இன்று பரிந்துரைக்கப்படுவதில்லை. முயலின் பின்கால் உதை கினிப்பன்றியின் எலும்பை முறிக்கவல்லது. முயல் நோயின்றிச் சுமக்கும் போர்டெடெல்லா பாக்டீரியா கினிப்பன்றிக்கு நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். இரண்டின் உணவுத் தேவையும் வேறு.

நோய்க் கண்காணிப்பு

வெளியே வாழும் விலங்கு கண்ணில் படும் நேரம் குறைவு. எனவே நாளுக்கு இருமுறையேனும் பார்வையிடுதல் வேண்டும். குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை பின்வருவன.

- ஈப்புழு நோய்: கோடையில் பச்சை ஈக்கள் எச்சம் ஒட்டிய மயிரில் முட்டையிடும். ஒரு நாளுக்குள் புழுக்கள் வெளிவந்து தசையைத் தின்னத் தொடங்கும். பின்புறத்தை நாள்தோறும் பார்ப்பதே தடுப்பு.
- பாதப்புண்: கரடுமுரடான அல்லது ஈரமான தளத்தால் உண்டாவது.
- மூச்சுத் தொற்று: தும்மல், மூக்கில் நீர், மூச்சில் ஒலி ஆகியவை அறிகுறிகள்.
- உண்ணாமை: ஒரு நாள் உண்ணாதிருத்தலே குடல் இயக்கத்தை நிறுத்தி உயிருக்கு ஊறு விளைவிக்கும். உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் எடை பார்த்துக் குறித்துவைப்பது நோயை முன்கூட்டி அறிய உதவும். வெளியே தெரியும் அறிகுறிகளுக்கு முன்னரே எடை குறையத் தொடங்கும்.

சட்டங்கள்

இங்கிலாந்திலும் வேல்சிலும் 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவர்மீது கவனிப்புக் கடமையைச் சுமத்துகிறது. தகுந்த சூழல், தகுந்த உணவு, இயல்பான நடத்தைக்கு வாய்ப்பு, துணையுடன் அல்லது தனித்து வாழும் தேவை, வலி, துன்பம், நோய் ஆகியவற்றிலிருந்து காப்பு என ஐந்து தேவைகளை அது குறிப்பிடுகிறது. கூட்டின் அளவைச் சென்ரிமீட்டரில் அச்சட்டம் வரையறுப்பதில்லை. எனினும் ஓட இடமற்ற கூடு "இயல்பான நடத்தை" என்னும் தேவையை நிறைவு செய்யாது.

சுவிட்சர்லாந்தில் 2008 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த விலங்குக் காப்பு ஒழுங்குவிதி, கினிப்பன்றிகளைத் தனியே வளர்க்கலாகாது என விதிக்கிறது.

வெப்பநாடுகளில்

மேற்கூறிய முறைகள் மிதவெப்ப நாடுகளுக்கு உரியவை. அவற்றை அவ்வாறே வெப்பநாடுகளில் பின்பற்ற இயலாது. எடுத்துக்காட்டாக, சென்னையில் மே மாதப் பகல் வெப்பநிலை 35 °செ-ஐத் தாண்டுவது வழக்கம். இது நிழலில் அளக்கப்படுவது. எனவே நிழல் மட்டும் கினிப்பன்றியைக் காக்காது. இத்தகைய இடங்களில் உறைகூடு வீட்டினுள் குளிர்ந்த தரையிலும், உலவிடம் காலை வேளையில் மட்டும் பயன்படுவதாகவும் இருத்தல் தகும். நரிக்குப் பதிலாகப் பூனை, தெருநாய், கீரி, பெருச்சாளி, காகம், பாம்பு ஆகியன கருத்திற் கொள்ளப்பட வேண்டும். பாம்பைத் தடுக்க 13 மிமீ-ஐவிடச் சிறிய கண்களுடைய வலை தேவைப்படும். உதகமண்டலம் போன்ற மலைப்பகுதிகளில் வெப்பம் ஏற்றதாயினும் மழைக்கால ஈரத்திற்கு எதிரான காப்பு வேண்டும்.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

1. ஒரே தளத்தின் தரைப்பரப்பு எவ்வளவு? (தளங்களைக் கூட்டாது அளக்கவும்)
2. உலவிடம் உறைகூட்டுடன் இணைந்துள்ளதா, அல்லது விலங்கைத் தூக்கிச் செல்ல வேண்டுமா?
3. வலை கோழிவலையா, பற்றவைத்த வலையா? கண்ணின் அளவு என்ன?
4. தாழ்ப்பாளை ஒற்றை விரலால் தள்ளித் திறக்க முடிகிறதா? முடியுமாயின் நரியாலும் முடியும்.
5. கூடு நிற்கப்போகும் இடத்தில் பிற்பகல் மூன்று மணிக்கு வெயில் விழுகிறதா?
6. உறங்கும் அறையின் மூலைவரை கை எட்டுகிறதா?
7. குளிர்காலத்திலோ கடும் வெயிலிலோ கூட்டை நகர்த்தவும், விலங்குகளை உள்ளே கொண்டுவரவும் இடம் உள்ளதா?

ஏழாவது வினாவுக்கு "இல்லை" என்பது விடையானால், எத்தகைய கூடு வாங்கினும் வெளிப்புற வளர்ப்பு அவ்வீட்டுக்குப் பொருந்தாது.

இவற்றையும் பார்க்க

- கினிப்பன்றி
- கொறிணி
- முயல் வளர்ப்பு
- செந்நரி
- ஸ்கர்வி